தின்ற இட்லி எங்கே இருக்கிறது?

பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்ட வேண்டும். வலிக்கக் கூடாது. குச்சியில் ஒட்டி வருகிற வெளுத்த பிசுக்கை ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மேலே கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் தயார். ஒன்பதாம் வகுப்பில் திசுக்கள் பாடம் வரும்போதெல்லாம் இதைச் செய்வோம். எங்கள் பள்ளியில் ஒழுங்காக வேலை செய்கிற நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவராகக் குனிந்து பார்ப்பார்கள். நொறுங்கிய அப்பளத்தை நீலத் தண்ணீரில் இறைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கறுப்பாக ஒரு பொட்டு, அதுதான் உட்கரு. சில துண்டுகள் ஓரம் மடிந்து கிடக்கும். மேலே பொடிப்பொடியாகத் தெரிவது வாயில் குடியிருக்கும் பாக்டீரியா. "சார், இது நானா?" என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்கள்.

நீதான் என்பேன். சரியாகச் சொன்னால், உதிரக் காத்திருக்கும் நீ.

ஒரு வருஷம் கேள்வி வேறு மாதிரி வந்தது. கேட்ட பெண்ணின் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டிருந்தார். "சார், இட்லி சாப்பிட்டா அது நம்ம உடம்புக்குள்ள போகுதா, இல்ல உடம்பு வழியா போகுதா?" வகுப்பு சிரித்தது. பாடம் முடிக்க இன்னும் மூன்று பக்கம் இருந்தது. "உள்ளதான் போகுது, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷ ஆசிரியப் பணியில் நான் சொன்ன தவறான பதில்கள் நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்தே உறுத்துவது இது ஒன்றுதான்.

எபிதீலியத் திசு என்று பாடப்புத்தகம் சொல்வதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: உடம்பில் எங்கெல்லாம் பரப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் விரித்த விரிப்பு. தோலின் மேற்பரப்பு, வாய், உணவுக்குழல், குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை, ரத்தக் குழாய்களின் உட்பூச்சு, எல்லாம் இதுவே. சுரப்பிகளும் இந்த விரிப்பு உள்ளே குழிந்து உண்டானவைதான். வேர்வையும் எச்சிலும் தாய்ப்பாலும் இந்த இனத்துச் செல்களின் கைவேலை. பெயர் வந்த கதையும் அங்கேயே போய் நிற்கிறது. கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே. 'தீலே' என்றால் முலைக்காம்பு. 1700களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த உடற்கூறு வல்லுநர் பிரெடரிக் ரூய்ஷ் இரண்டையும் ஒட்டவைத்து இந்தச் சொல்லை ஆக்கினார். மூக்கும் குடலும் ஒரே குடும்பம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1830களில் ஜேக்கப் ஹென்லே என்ற ஜெர்மானியர் நுண்ணோக்கியில் பார்த்து, உடம்பின் உள்ளறைகளுக்கெல்லாம் இதே பூச்சுதான் என்று காட்டினார். பெயர் மாறவில்லை. ஒரு மனிதன் உலகத்தில் முதன்முதலாக வாய்வைத்த இடத்தின் பெயரை உடம்பின் எல்லா விளிம்புகளும் சுமந்துகொண்டிருக்கின்றன. ரூய்ஷ் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். எனக்கு யோசிக்கப் பிடித்திருக்கிறது.

பாதுகாத்தல், உறிஞ்சுதல், சுரத்தல், வெளியேற்றுதல், உணர்தல். ஐந்து வேலைகளையும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒப்பிக்க வைத்த நானும் பல காலம் அதற்கு அப்பால் போகவில்லை.

சைக்கிள் பழகும்போது எல்லாரும் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்போம். விழுந்த அந்த நொடியில் முட்டியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். முதலில் ரத்தம் வராது. தோல் வழண்டு, இளநீர் வழுக்கையின் நிறத்தில் வெளேரென்று தெரியும். 'ஒண்ணும் ஆகல' என்று ஆறுதல் பட்டுக்கொள்கிற நேரம் பார்த்துக் கடுகு கடுகாய்ச் சிவப்புப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். பிறகுதான் அழுகை. அந்த வெளேர் இடைவேளைதான் எபிதீலியம். அதற்குள் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. சிவப்புப் புள்ளிகள் அதற்குக் கீழே இருக்கும் அடித்தோலிலிருந்து வருகின்றன. அடித்தோல் மேல்நோக்கி நீட்டியிருக்கும் சின்னச் சின்ன முகடுகளின் நுனி சீவப்பட்டால் அங்கே ரத்தம் துளிர்க்கும்.

உடம்பின் முன்வரிசையில் நிற்கிற திசுவுக்குச் சொந்தமாக ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காலடியில் அடிப்படைச் சவ்வு என்று மெல்லிய பாய் ஒன்று விரித்திருக்கிறது. அந்தப் பாய்க்குக் கீழே இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு, காற்று எல்லாம். நரம்பு மட்டும் மேலே ஏறி வரும். வலிக்கும், ஆனால் ரத்தம் சிந்தாது. கண்ணின் கருவிழிமேல் இருக்கும் படலத்தில் நரம்பு நுனிகள் அவ்வளவு நெருக்கம். அதனால்தான் தூசி விழுந்தால் துடித்துப்போகிறோம்.

இந்தச் செல்களுக்கு இன்னொரு குணம் உண்டு. திசை தெரியும். ஒவ்வொன்றுக்கும் முகம் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். முகம் வெளியைப் பார்க்கும். பாதம் அந்தப் பாயில் ஊன்றியிருக்கும். பக்கவாட்டில் அண்டைச் செல்லோடு தையல் போட்டதுபோல் இறுக்கமாகச் சேர்ந்திருக்கும். தசைச் செல்லையும் கொழுப்புச் செல்லையும் பார்த்து 'உன் முன்பக்கம் எது?' என்று கேட்டால் பதில் வராது. எபிதீலியச் செல்லுக்குத் தெரியும்.

வடிவத்தைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடலாம். காற்று நுழைய வேண்டிய இடத்தில் ஒற்றை வரிசையாகத் தட்டையான செல்கள். நுரையீரலில் காற்று நுண்ணறைகள் சராசரியாக 48 கோடி என்று 2004இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த அறைகளின் சுவர், மெலிந்த இடங்களில், ஒட்டியிருக்கும் ரத்தக் குழாயின் சுவரையும் சேர்த்து அளந்தாலும் தலைமுடியின் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அங்கே பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. தேய்மானம் உள்ள இடத்தில், அதாவது வாயிலும் தோலிலும், இதே தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக வரும். சிறுநீரகத்தில் கனசதுரமாக நிற்பவை, நாளொன்றுக்கு வடிகிற சுமார் 180 லிட்டரில் ஒன்றரை லிட்டரை விட்டுவிட்டு மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் முக்கிய வேலைக்காரர்கள். சிறுநீர்ப்பையில் இருப்பவை நிரம்பும்போது தட்டையாகிக் காலியாகும்போது உருண்டுகொள்ளும். நெடுந்தூரப் பஸ்ஸில் போகிற யாரும் அவற்றுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள்.

மூச்சுக்குழலில் இருப்பவை உயரமான தூண் செல்கள். தலையில் குற்றிழைகள். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை துடைப்பம்போல் மேல்நோக்கித் தள்ளும். இடையிடையே சளி சுரக்கும் கோப்பைச் செல்கள். தூசியும் கிருமியும் சளியில் ஒட்டும். துடைப்பம் அதைத் தொண்டைவரை கொண்டுவந்து விடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். பல வருஷம் பீடி சிகரெட் பிடித்தவருக்கு இந்த இடத்தில் ஒரு விநோதம் நடக்கிறது. புகையோடு மல்லுக்கட்டி மாளாமல், தூண் செல்கள் இருந்த இடத்தில் வாயில் இருப்பதுபோன்ற தட்டை அடுக்குச் செல்கள் வந்து உட்கார்ந்துவிடும். அவை முரட்டு ஜாதி, புகையைத் தாங்கும். ஆனால் துடைப்பம் கிடையாது. துப்புரவுப் பணியாளரை அனுப்பிவிட்டுக் காவலாளியை வைத்த கதை. விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா இருமிய இருமல், அந்தத் துடைப்பம் செய்திருக்க வேண்டிய வேலை.

இனி இட்லிக்கு வருகிறேன்.

வாய் ஒரு துளை. மறுமுனையில் இன்னொரு துளை. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய். உளுந்து வடையை ஈ ஒன்று ஓட்டை வழியே கடந்து போனால், வடைக்குள் போனது என்று சொல்வோமா? குழாய்க்குள் கிடக்கும் இட்லி, குடலின் எபிதீலியத்தைத் தாண்டும்வரை, உடம்புக்கு வெளியில்தான் இருக்கிறது. நாம் விழுங்கியது உலகத்தின் ஒரு துண்டை. அது நம் வயிற்றுக்கு நடுவே உலகமாகவே கிடக்கிறது. அந்தப் பெண் கேட்டது அதைத்தான். வகுப்பில் அன்றைக்குச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்தி.

நம் பழைய வீடுகளில் திண்ணை என்று ஒன்று இருந்தது. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், தண்ணீர் கேட்கலாம். வீட்டோடு சேர்ந்ததுதான், ஆனால் வீட்டுக்குள் வந்ததாக அர்த்தமில்லை. நிலைப்படியைத் தாண்டினால்தான் உள்ளே. இரைப்பையும் குடலும் உடம்பின் திண்ணை. நிலைப்படி, ஒற்றை வரிசையாக நிற்கும் தூண் செல்கள். அவற்றின் முகத்தில் மெல்லிய விரல்கள் ஆயிரக்கணக்கில். செல்கள் நிற்கும் தரையும் குடலுறிஞ்சிகளாக மேடு கட்டியிருக்கும். இப்படி மடித்து மடித்து வைத்த பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் திரும்ப அளந்து, மொத்தமே 32 சதுர மீட்டர்தான் வருகிறது, இறகுப்பந்து மைதானத்தில் பாதி தேறும் என்று கணக்கைக் குறைத்துவிட்டார்கள். பரவாயில்லை. ஒரு நல்ல ஹாலும் சமையலறையும் சேர்ந்த அளவுக்கு நமக்குள் ஒரு வாசல் இருக்கிறது.

அந்த வாசலில் நிற்பவர்கள் இட்லியை இட்லியாக உள்ளே விடுவதில்லை. மாவுச்சத்து குளுக்கோஸாக உடைந்து வந்தால்தான் கதவு. அந்தக் கதவிலும் ஒரு நிபந்தனை: குளுக்கோஸ் தனியாக வரக் கூடாது, உப்பின் சோடியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஜோடியாக நுழையும். தண்ணீர் பின்னாலேயே ஓடிவரும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னார். கேட்டவர்களுக்கு அது ஒரு செல்லின் கதவைப் பற்றிய சின்ன விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

அதற்கு முந்தின வருஷம் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலராக் கிருமி ஒரு நஞ்சை விடுகிறது, ஆளைக் கொல்வது அந்த நஞ்சுதான் என்று முயலின் குடலை வைத்து நிரூபித்திருந்தார். நஞ்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. ஓட்டை போடுவதும் இல்லை. செல்லின் முகத்தில் இருக்கும் குளோரைடு மடையைத் திறந்துவிட்டு, மூட முடியாமல் செய்துவிடுகிறது. உப்பு வெளியே கொட்ட, தண்ணீர் அதன் பின்னால் கொட்டுகிறது. மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். சில மணி நேரத்தில் கண் குழிந்து, தோல் சுருங்கி, ஆள் போய்விடுவார். அவர் குடலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் எபிதீலியம் ஒழுங்கு குலையாமல் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

1971. வங்கதேசப் போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள் மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதியில் முகாம்களில் நிறைந்திருந்தார்கள். காலரா பரவியது. இரண்டு அறை மருத்துவமனை. கட்டிலில் பாதி, தரையில் பாதி. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனோபிஸ் என்ற மருத்துவர் அப்போது எடுத்த முடிவு, பெரிய டாக்டர்கள் பலர் அதுவரை நம்பாத ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பெரிய டிரம்களில் கரைத்து, குழாய் வைத்து, அம்மாக்களிடமும் அண்ணன்களிடமும் குவளையைக் கொடுத்து, குடிக்கக் குடிக்கக் கொடுங்கள் என்றார். முகாமில் நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு, அவர் பார்த்த சுமார் 3,700 பேரில் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. நஞ்சு ஒரு மடையைத் திறந்துவிட்டிருந்தாலும், அதே செல்லின் அதே முகத்தில், குளுக்கோஸும் உப்பும் கைகோத்து வரும் கதவு கெடாமல் இருந்தது. அவர் அந்தக் கதவைத் தட்டினார். இன்றைக்கு மருந்துக் கடையில் வாங்குகிற ஓஆர்எஸ் பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். வயிற்றுப்போக்கென்றால் உப்புப் போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சிய பாட்டிகள் சோடியத்தைக் கேள்விப்பட்டதில்லை. கதவைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

காலரா கண்ட அந்தக் குடல் செல், நோயாளி சாகும்வரை கடமையைச் செய்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்யும். அது எவ்வளவு நாள் வாழ்கிறது என்று தெரிந்தபோது இன்னும் அதிகமாகச் செய்தது. மூன்று முதல் ஐந்து நாள். குடலுறிஞ்சிகளுக்கு நடுவே இருக்கும் குழிகளில் தாய்ச்செல்கள் ஓயாமல் பிள்ளை பெறுகின்றன. பிறந்தது மெல்ல மேலே ஏறும். ஏறும்போதே வேலை பார்க்கும். உச்சிக்குப் போனதும் உதிர்ந்துவிடும். திங்கட்கிழமை இட்லியை உள்ளே விட்ட செல், சனிக்கிழமை இட்லிக்கு இருக்காது. தோலில் கதை சற்று நீளம். அடிவரிசையில் பிறக்கும் செல் கெரட்டின் என்ற புரதத்தை உடம்பெல்லாம் நிரப்பிக்கொண்டு, மேலே தள்ளப்பட்டு, உட்கருவைத் தொலைத்து, செத்து, ஓடுபோல் ஒட்டிக்கொண்டு நின்று, நாலைந்து வாரத்தில் உதிர்கிறது. நாம் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்வதெல்லாம் இறந்தவர்களின் வழியாகத்தான்.

சாக மறுத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் பத்துக்கு எட்டுக்கு மேல் எபிதீலியத்தில் பிறப்பவை. வெயில், புகை, காரம், கிருமி எல்லாம் முதலில் படுவது அதன்மேல். ஓயாமல் பிரிந்து பெருகுவதும் அதுதான். அத்தனை தடவை நகலெடுத்தால் ஒரு தடவை எழுத்துப் பிழை வராதா? நல்ல எபிதீலியச் செல்லைப் பாயிலிருந்து பிய்த்து எடுத்தால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். 1994இல் இதைக் கண்டு எழுதியவர்கள் அந்தச் சாவுக்கு 'அனோய்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் வீடற்ற நிலை என்று அர்த்தம். புற்றுச்செல்லுக்கு வீடு வேண்டாம். பாயைக் கிழித்துக்கொண்டு இறங்கி, ரத்தத்தில் ஏறி, போன இடத்தில் குடித்தனம் நடத்தும். வெளியே பார்த்த முகம் எது, உள்ளே ஊன்றிய பாதம் எது என்பதை அது மறந்திருக்கும்.

உடம்பின் எல்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது கோட்டைச் சுவர் மாதிரி ஒன்றை. அப்படி ஒன்று உடம்பில் எங்கேயும் கிடையாது. சுவர் என்றால் ஒரு தடவை கட்டினால் போதும். இங்கே இருப்பது நேற்றுக் கட்டி இன்று உதிர்ந்து நாளைக்குத் திரும்பக் கட்ட வேண்டியது. 'நான்' என்று சொல்லிக்கொள்வதன் ஓரத்தில், தனக்கென்று ரத்தமில்லாத ஒரு கூட்டம், நாலு நாள் ஆயுளில், எது நான், எது நானில்லை என்பதை ஒவ்வொரு உப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. அது ஓய்ந்தால் நான் இல்லை. ஓய மறுத்தாலும் நான் இல்லை.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். வயது எண்பத்திரண்டு. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரோ புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை வெடுக்கென்று உரிக்க, தோலும் கூடவே வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். சின்ன வயதில் மேல்தோலும் அடித்தோலும் விரல் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருக்கும். வயதாக ஆக அந்தக் கோப்பு தட்டையாகிவிடும். அம்மாவின் கையில் தோல் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, படுத்துக்கொண்டிருந்தது.

கட்டுப் போட வந்த நர்ஸ் ஈரம் காயாமல் மூடி வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. "காத்தாட விடுடா, காஞ்சாத்தான் ஆறும்." நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் 1962இல் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளை வைத்துப் பார்த்து, மூடி ஈரமாக வைத்த புண் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடுகிறது என்று எழுதிவிட்டார். காய்ந்த பொருக்கு இருந்தால் செல்கள் அதற்கு அடியில் சுரங்கம் தோண்டிப் போக வேண்டும். ஈரமாக இருந்தால் நழுவிப் போகும். இதை அம்மாவிடம் விளக்கினேன். "பன்னிக்கும் எனக்கும் ஒரே வைத்தியமா?" என்றாள்.

புண்ணின் விளிம்பில் இருக்கும் செல்கள் பக்கத்திலிருப்பவற்றின் பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, வெற்றிடத்தை நோக்கி ஊர ஆரம்பிக்கும். இந்தக் கரையிலிருந்து கொஞ்சம், அந்தக் கரையிலிருந்து கொஞ்சம். எதிரே தன் இனத்துச் செல் ஒன்றைத் தொட்டதும் நின்றுவிடும். போதும் என்பதை அந்தத் தொடுதல்தான் அதற்குச் சொல்கிறது. புற்றுச்செல்லுக்கு உறைக்காமல் போவது இந்தத் தொடுதலே.

தினமும் கட்டை நனைத்து நனைத்து எடுப்பேன். ஓரத்தில் வெங்காயச் சருகுபோல மினுமினுத்துக்கொண்டு ஒரு வரம்பு, நாளுக்கு ஒரு நூல் அளவு நகரும். மூன்றாவது வாரத்தில் ஒரு காலையில் இரண்டு கரையும் நடுவில் சேர்ந்திருந்தன. இளஞ்சிவப்பு, கீழே ஓடுகிற நீல நரம்புகூடத் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டாள்.

"உப்புக் கம்மி" என்றாள்.